பேச்சை நிறுத்தாத பூஷ்தா

பூஷ்தாவைக் குதிரை உதைத்து இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டதாம். யாரோ புதினா விற்பவரிடம் சொல்ல, அவர் என்னிடம் சொன்னார். பதறிக்கொண்டு ஓடினேன். மனிதர் லாயத்தில் நின்று சாவகாசமாக அந்தக் குதிரை ஸர்காவுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார், வழக்கம்போல அதனிடம் பேசியபடி.

வாலுக்கு நேர் பின்னால் நிற்பவர் குதிரையின் கண்ணுக்குத் தெரியமாட்டார். நாம் எங்கே இருக்கிறோம் என்று அதன் காதுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பார் பூஷ்தா. அதனால் வெங்காய விலை, மருமகனின் மோட்டார் சைக்கிள், மெக்னெஸ் பக்கம் பெய்யாத மழை எல்லாம் ஸர்காவுக்கு அத்துபடி.

"வீட்டுல வாயத் தொறக்கிறாரா பாருங்க. எனக்கு உதைக்கத் தெரியாதுன்னு தைரியம்" என்பாள் மனைவி ஸுஹூர்.

உண்மையில் உதைபட்டது வாளி. போன வாரம் வாலைச் சீவும்போது போன் வர, பூஷ்தா வாயை மூடித் திரையைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். பின்னால் யாரோ வந்துவிட்டதாக மிரண்டு ஸர்கா காலை வீசியது. வாளி பறந்து முழங்காலில் பட்டது. கொஞ்சம் நொண்டினார். அதற்குள் ஊர் எலும்பை நொறுக்கிவிட்டது.

ஆனால் சிரிக்க முடியவில்லை. திருவிழாவில் துப்பாக்கியோடு பாயும் குதிரைவீரர் வரிசையில் ஓர் இடம் காலி. இத்தனை வருடமும் மற்றவர்களின் குதிரைகளையே தேய்த்துவிட்ட பூஷ்தாவுக்கு அதைத் தருவதாக அணித்தலைவர் பென் ஈஸா சொல்லியிருந்தார். வதந்தி அவரையும் எட்டிவிட்டது. 'இன்று போன் செய்வேன். எடுக்காவிட்டால் படுக்கையில் கிடப்பதாக வைத்துக்கொண்டு ஹம்மாதியைச் சேர்த்துவிடுவேன்' என்று சொல்லியனுப்பியிருந்தார்.

பின்னங்குளம்பைக் கையில் ஏந்தியிருந்தபோது பூஷ்தாவின் சட்டைப்பையில் போன் அலறியது. ஸர்காவின் காதுகள் பின்னால் மடிந்தன.

"எடுய்யா! பென் ஈஸாதான்!" என்றாள் வேலியோரம் என் பக்கத்தில் நின்ற ஸுஹூர்.

"ஸர்காக் கண்ணு, அந்தம்மாவைக் கத்தாம இருக்கச் சொல்லு" என்றார் பூஷ்தா, குதிரையிடம் பேசும் அதே குரலில். "இதோ, உன் காலை மெல்லக் கீழ வெக்கிறேன். இதோ, என் கை உன் மேலதான் இருக்கு."

"கொஞ்சறதை அப்புறம் வெச்சுக்க! ஹம்மாதி இடத்தைப் பிடிச்சிருவான்!"

"ஹம்மாதி யாரு தெரியுமா கண்ணு? தலைப்பாகை பறக்குதுன்னு துப்பாக்கிய விட்டுட்டு அதைப் பிடிச்சானே, அவன்தான்."

அவர் உள்ளங்கை குதிரையின் முதுகிலிருந்து விலாவுக்கு, விலாவிலிருந்து தோளுக்கு அவசரமில்லாமல் நகர்ந்தது. நெற்றியில் மட்டும் வியர்வை. வேலிக்கு இந்தப் பக்கம் ஸுஹூர் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தாள்.

கழுத்தருகே வந்து, பேச்சை விடாமல், சட்டைப்பைக்குள் இரண்டு விரலை விட்டார். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.