குமிழ் அடங்கும் முன்னே

யுத்தம் முடிந்து பாதை திறந்த வருசம், கொழும்பிலிருந்து என்னென்னவோ சாமானெல்லாம் கல்முனையில் வந்திறங்கிற்று. அதில் ஒன்று மசூர் கடையில் வைத்த தண்ணி மெசின். கரண்ட் பாய்ந்த காரத்தண்ணி குழாயால் வெள்ளை வெளேரென்று வரும். அத்தனையும் ஹைட்ரஜன் குமிழாம், கிட்னிக்கு அதுதான் மருந்தாம். மசூருக்கு வாயா இல்லை, கடலையே போத்தலில் அடைத்து விற்பான். ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொன்னான்.

"குமிழ் நிக்கக்குள்ளயே குடிச்சிரணும் ராத்தா. போனா வெறும் தண்ணிதான்."

சாய்ந்தமருது ஸைனம்பு போத்தலைக் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். புருசன் அபூசாலிக்கு ரெண்டு கிட்னியும் பழுது. எழும்பி நடக்க ஏலாது. முப்பது வருசம் கடலில் கிடந்த மனுசனுக்கு டொக்டர் இப்போது நாளைக்கு ரெண்டு கிளாஸ் தண்ணிதான் விட்டிருந்தார். சுனாமியில் மகள் றிப்னாவைக் கைப்பிடியிலிருந்தே பறிகொடுத்தவள் ஸைனம்பு. இவரையும் விட்டால் அவளுக்கு ஆர் இருக்கா?

வழியில் பள்ளிவாசல். அங்கே தொழுவிக்கிற லெவ்வை ஓதி ஊதாமல் அந்த வீட்டில் ஒரு பனடோலும் தொண்டைக்குள் இறங்காது. மூடியைத் திறந்து போத்தலை நீட்டினாள். லெவ்வைக்கு அபூசாலி மேல் உசிர். குர்ஆனில் ரெண்டு ஆயத்தோடு விடாமல் யாசீன் சூறா முழுதையும் ஆறுதலாக ஓதத் தொடங்கினார். குமிழ் ஒவ்வொன்றாக மேலேறி ஒழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பாவி. ஓதுகிறவரை நிப்பாட்டச் சொல்ல எந்த நாக்குக்கு வரும்?

வீட்டில் அபூசாலி விடிந்ததிலிருந்து ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ரெண்டு கிளாஸையும் இந்தத் தண்ணிக்கென்றே மிச்சம் பிடித்திருந்தார். உதடு வெடித்துக் கிடந்தது. ஊற்றினாள். கிணற்றுத் தண்ணி மாதிரி அசையாமல் இருந்தது.

பிஸ்மில் சொல்லி ஒரு மிடறு குடித்தார். கண் கிளாஸில் இல்லை, அவள் முகத்தில் இருந்தது.

"ஓம் புள்ள, நாக்குல சுர்ரெண்டு ஏறுது. நல்ல குமிழ்."

அவள் மற்றக் கிளாஸையும் ஊற்றிக் கொடுத்தாள்.

அடுத்த நாள், அல்லாஹ் மன்னிக்கட்டும் என்று பள்ளியைத் திரும்பியும் பாராமல் மசூர் கடையிலிருந்து நேரே ஓடிவந்தாள். வாசலில் நின்று மூச்சு வாங்க வாங்கப் போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். ஓதலும் இல்லை, குமிழும் இல்லை. உள்ளே அவர் விடிந்ததிலிருந்து தண்ணி தொடாமல் காத்துக்கொண்டிருந்தார்.