எடுக்கக் கூடாத போன்கள்

ஞானத்துக்குப் போனை எடுக்கத் தெரியும். எடுக்காமல் இருக்கவும் தெரியும். இரண்டாவதுதான் பெரிய வேலை என்பது கருங்கல் ஊரின் மீன்வலைக் கம்பெனியில் இருந்த யாருக்கும் உறைக்காமலே ஏழு வருஷம் ஓடிப்போயிற்று.

2004இல் அவள் அங்கே சேர்ந்தபோது கடற்கரையில் கைபேசி பரவிக்கொண்டிருந்தது. எல்லார் கையிலும் போன் இருந்தது, எவர் போனிலும் காசு இல்லை. மீன் கூடை சுமந்தவளின் மகளான ஞானத்துக்கு அது நன்றாகத் தெரியும். கரையில் நூலும் கயிறும் விற்கும் சின்னக் கடைக்காரர்களிடம் ஒரு ஏற்பாடு சொல்லி வைத்தாள். ஒரு ரிங் விட்டு வைத்தால் நூல் பெட்டி. இரண்டு ரிங் என்றால் கயிற்றுக் கட்டு. மூன்று என்றால் பேச வேண்டும், அவளே திரும்பக் கூப்பிடுவாள். போன் அடிக்கும். ஞானம் கையைக் கட்டிக்கொண்டு எண்ணுவாள். எந்த எண் என்று பார்த்துச் சீட்டு எழுதி வண்டிக்காரரிடம் கொடுப்பாள்.

2011இல் பழைய முதலாளி ஓய்ந்து உட்கார, மகன் முத்துநாயகம் மஸ்கட்டிலிருந்து வந்து பொறுப்பேற்றார். வந்த சூட்டோடு, இன்டர்நெட்டில் ஓடும் மேஜைப் போன்கள் பன்னிரண்டு வாங்கிப் போட்டார். அவற்றை மாட்டிக்கொடுத்த சுயம்புராஜ் கெட்டிக்கார ஆள். ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் யார் கூப்பிட்டது, எந்த மேஜைக்கு, எத்தனை நொடி பேச்சு என்று ஒரு வரி தானாகக் கம்ப்யூட்டரில் வந்து விழும்படி செய்தான். மாசக் கடைசியில் அந்த வரிகளைத் திரட்டி நீட்டினான்.

ஞானத்தின் மேஜைக்கு வந்த அழைப்பு அறுநூற்றுப் பன்னிரண்டு. அதில் பேச்சே இல்லாதவை நானூற்றுப் பதினெட்டு.

முத்துநாயகத்துக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "நானூறு போன எடுக்காம இங்க இருந்து என்ன செய்யுத?"

"அது எடுக்கப்பிடாத போனு, முதலாளி."

"எடுக்கப்பிடாத போனா? நல்லாருக்கு கத!"

மேற்கொண்டு அவளை வாய் திறக்க விடவில்லை. திங்கட்கிழமை முதல் போனை மிஷின் எடுக்கும், அந்த வாரக் கடைசியோடு ஞானம் நின்றுகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். ஞானத்தின் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை முதல் ரிங்கிலேயே மிஷின் பாய்ந்து எடுத்தது. "வணக்கம். நூலுக்கு ஒன்றை அழுத்தவும், கயிற்றுக்கு இரண்டை அழுத்தவும்…" மத்தியானம் வரைக்கும் கணக்கெடுத்தால் வந்த போன் அத்தனையும் எடுத்தாயிற்று. ஒன்றுகூடப் பாக்கியில்லை. முத்துநாயகத்துக்குப் பரம சந்தோஷம். வாசலில் வண்டி மட்டும் சரக்கில்லாமல் சும்மா நின்றது.

அப்போதுதான் குறும்பனையில் கடை வைத்திருக்கும் வியாகுலம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இறங்கும்போதே சத்தம்.

"ஏட்டி ஞானம், ஆருட்டி அந்தப் பொம்பள? ஒரு ரிங்கு முடியதுக்குள்ள எடுத்துட்டு, ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு சொல்லுகா! நான் கண்ணாடியத் தேடி எடுக்கதுக்குள்ள எனக்க காசு தீந்து போச்சி!"

முத்துநாயகம் விழித்தார். வியாகுலம்மாள் அவர் பக்கம் திரும்பி, ரிங் ஏற்பாட்டை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். "உனக்க அப்பன் காலத்துல இருந்தே இப்பிடியாக்கும். உனக்குத் தெரியாதா மக்கா?"

சுயம்புராஜ் தலையைச் சொறிந்தான். "எத்தன நொடி ரிங் அடிச்சதுன்னும் பதிவுல கெடக்கு சார். பேச்சு இல்லாததுக்கு அது எதுக்குன்னு நாந்தான் அறிக்கையில சேக்காம விட்டேன்." அவன் அதைத் திறந்து பார்த்தான். நானூற்றுப் பதினெட்டு வரியும் மூன்றே கூட்டமாக நின்றன: மூன்று நொடி, ஏழு நொடி, பத்து நொடி. ஒரு வரியை உரக்க வாசித்தான். "ஆறாந்தேதி, காலைல ஒம்பதே கால், குறும்பனை. ஏழு நொடி."

ஞானம் சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டினாள். "குறும்பனைக்குக் கயிறு, ஒரு கட்டு."

பதினைந்து வரி வாசித்தான். பதினைந்துக்கும் சீட்டு இருந்தது. முத்துநாயகம் நாற்காலியில் சாய்ந்து, வெட்கமும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார். கம்பெனி வியாபாரத்தில் பாதி, ஒரு வார்த்தை பேசாமல் இந்த மேஜை வழியாகத்தான் நடந்திருக்கிறது.

"இத முன்னாலேயே சொல்லப்பிடாதா, ஞானம்?"

"சொல்ல விட்டாத்தானே, முதலாளி!"

டீக்கடைச் சாயா வருவதற்குள் மிஷினைக் கழற்றியாயிற்று. ஞானம் தன் மேஜையில் உட்கார்ந்தாள். போன் அடித்தது. அலுவலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணியது. இரண்டு ரிங்கில் நின்றது. "கயிறு!" என்று முதலில் கத்தியது முத்துநாயகம்தான். வியாகுலம்மாள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

அடுத்த மாச அறிக்கையில் பேச்சில்லாத அழைப்புகள் இன்னும் கூடியிருந்தன. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு ஒரே எண்ணிலிருந்து ஒரு ரிங். யாரென்று பார்த்த சுயம்புராஜ் சிரித்துவிட்டான். அது முத்துநாயகத்தின் கைபேசி. நெய்யூர் கோடவுனிலிருந்து கிளம்பிவிட்டார், சாயா சொல்லி வைக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஞானம் அதை ஒரு நாளும் எடுத்ததில்லை.