பத்து நிமிடத்துக்கு ஒரு முறை

செய்த வேலையையே மறுபடி செய்யச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். புது லேப்டாப் வந்தால் ஒரு நாள் முழுக்க அதற்கு ஊழியம் செய்ய வேண்டும். எழுத்தின் அளவு, தமிழ் விசைப்பலகை, எடிட்டர், குறுக்குவழிகள் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அதனால் நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தோம். அதை ஓடவிட்டால் இருபது நிமிடத்தில் புது மெஷின் பழைய மெஷின் மாதிரியே ஆகிவிடும்.

நண்பனுக்கு ஆரணியில் என் வீட்டுக்கு அடுத்த தெரு. இருவரும் ஒரே சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி வேலை செய்தோம். அவன் வீட்டில் பட்டுத் தறி உண்டு, மனைவி நெய்கிறாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும்போது அதன் நுனி இழைகளை அறுத்து எடுத்துவிட மாட்டார்கள். அதிலேயே புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். புதிதாகக் கோக்கும் வேலை மிச்சம்.

"இதுவும் அதே கதைதான்டா. பழைய மெஷின் நுனியில புதுசைப் பிணைச்சிட்டா முடிஞ்சுது. திரும்பத் திரும்பக் கோத்துகினு யாரு பேஜார் படறது?" என்பான்.

ஸ்கிரிப்டில் ஒரு பொதுக் குறிப்புப் பக்கமும் இருந்தது. மெஷினைத் திறந்ததும் அது தானாக விரியும். யார் எதை எழுதினாலும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அடுத்தவர் மெஷினுக்குப் போய்விடும். அனுப்பட்டுமா என்று கேட்காது. கேட்கவே கூடாது என்று அவனிடம் மல்லுக்கட்டி அப்படி எழுத வைத்தவன் நான்தான்.

போன வருடம் வந்தவாசி போய்விட்டு பைக்கில் திரும்பும்போது அவன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அவன் பெயரைத் திரையில் பார்க்கும் தெம்பு எனக்கில்லை. அந்த வாரமே என் லேப்டாப்பில் அந்த இணைப்பை நிறுத்தினேன். லேப்டாப்பில்தான் நிறுத்தினேன், ஸ்கிரிப்டில் நிறுத்தவில்லை. அத்தனை வருட அனுபவம் இருந்தும் நான் செய்த முட்டாள்தனம் அது.

பழைய லேப்டாப் போன மாதம் உயிரை விட்டது. புதிது வந்தது. ஒரு நண்பகலில் ஸ்கிரிப்டை ஓடவிட்டுவிட்டுக் காபியோடு உட்கார்ந்தேன். வெளியே ஒரு சத்தமும் இல்லை. எங்கள் தெருவில் பகலில் தறிச் சத்தம் இல்லாமல் இருக்காது. ஏன் இப்படி அடங்கிக் கிடக்கிறது என்று நினைத்தேனே தவிர, எழுந்து பார்க்கவில்லை.

திரை கறுத்தது. பிறகு அவனுக்குப் பிடித்த கரும்பச்சை வந்தது. ஸ்கிரிப்ட் முடிந்ததும் வர வேண்டும் என்று அவன் எழுதி வைத்திருந்த வரி வந்தது: "வந்துட்டியா பங்காளி?"

அதையாவது எதிர்பார்த்திருந்தேன். அடுத்து குறிப்புப் பக்கம் விரிந்தது. எங்கள் பழைய குறிப்புகளுக்குக் கீழே, நான் பார்த்தே இராத வரிகள் இருந்தன. எழுதியவர் பெயரை அந்தப் பக்கமே போட்டுக்கொள்ளும். எல்லா வரிக்கும் அவன் பெயர். தேதி எல்லாம் அவன் செத்த பிறகு.

"இன்னிக்கு மழை."

"ராத்திரில தூக்கமே இல்லை."

"இங்க பேச ஆளில்லை."

"கூப்பிட்டா கேக்குதா?"

பேய் பிசாசு என்று யாராவது பேசினால் கிண்டல் செய்கிறவன் நான். அன்று அந்த வரிகளுக்குக் கீழே "யாரு இது?" என்று தட்டிவிட்டேன். தட்டிய பிறகுதான் அது கேட்காமல் அனுப்பிவிடும் என்பது நினைவுக்கு வந்தது. அழிக்கப் போனேன். அதற்குள் போய்விட்டிருந்தது.

பத்து நிமிடம் நாற்காலியை விட்டு அசையவில்லை. பக்கம் ஒரு முறை துடித்தது.

"நான்தான். தெரியலையா?"

எழுந்து நின்றேன். சுவரில் முதுகு இடித்தபோதுதான் பின்னால் நகர்ந்திருக்கிறேன் என்று தெரிந்தது. திரையை மூடவும் பயம், பார்க்கவும் பயம். இன்னும் பத்து நிமிடம் போனது.

"இலை போட்டாச்சு. காக்கா இன்னும் வரலை."

அப்போதுதான் உறைத்தது. அமாவாசை. அதனால்தான் தறிகள் ஓடவில்லை. இலை போட்டுக் காக்கைக்குக் காத்திருப்பது செத்தவன் இல்லை, அவனுக்குப் படைத்த மனைவி.

செருப்பை மாட்டிக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடினேன். வழியெல்லாம் ஒரு கோழைத்தனமான யோசனை. ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன? அவனே வந்து பேசியதாக அவள் நம்பிக்கொண்டிருந்தால் யாருக்கு நஷ்டம்?

கதவு திறந்திருந்தது. அவன் படத்துக்கு முன்னால் இலையில் சோறு ஆறிக்கிடந்தது. பக்கத்தில் ஸ்டூலின் மேல் அவன் லேப்டாப். அதன் முன்னால் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணா" என்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது. "மாசாமாசம் படைச்சிட்டு இதைத் தொறந்து வைப்பேன். இந்தப் பக்கம் தானா வரும். அவரு எழுதிகினு இருந்ததாச்சேன்னு நானும் ரெண்டு வரி எழுதுவேன். இத்தினி நாளா ஒண்ணும் வரலை. இன்னிக்கு வந்தாரு."

நானும் தரையில் உட்கார்ந்தேன்.

"வந்து, யாரு இதுன்னு கேக்கறாரு. நான்தான்னு எழுதினேன். அப்புறம் பேச்சே இல்லை. ஒரு வருஷத்துல என்னை மறந்துட்டாருண்ணா."

வழியில் போட்ட கணக்கெல்லாம் அங்கேயே விழுந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது.

"அது நான்மா. புது மெஷின்ல என் பேரை இன்னும் போடலை, அதான் பேரில்லாம வந்திருக்கு" என்றேன். புது லேப்டாப், ஸ்கிரிப்ட், நான் நிறுத்த மறந்த இணைப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் எழுதினதெல்லாம் படிச்சீங்களா?"

"படிச்சேன். மன்னிச்சிடும்மா."

அதை அவள் காதில் வாங்கவில்லை. "அப்ப யாருன்னு அவரு கேக்கலை."

"இல்லம்மா."

"என்னை மறக்கலை அவரு."

தலையை ஆட்டினேன். அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இலைக்கு அருகில் தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து இணைப்பைத் துண்டிக்க உட்கார்ந்தேன். அதற்குள் பக்கம் இன்னொரு முறை துடித்தது. "யாரு இது?" என்ற என் இரண்டு வார்த்தைகளையும் அவள் அழித்திருந்தாள். அதற்குக் கீழே இருந்த தன் வரியை அப்படியே விட்டிருந்தாள்.

"நான்தான். தெரியலையா?"

இந்த முறை லேப்டாப்பில் நிறுத்தியதோடு, என் ஸ்கிரிப்டிலிருந்தே அதை எடுத்துவிட்டேன். இனி அவள் எழுதுவது என்னிடம் வராது. அவனுக்கு மட்டும்தான் போகும்.