சூயி என்று சொல்லிவிட்டேன்

அந்த மொட்டை மாடியில் இருந்தவர்கள் இவர்கள். எஸ்தர் அக்கா. செல்வமணி சிஸ்டர். லில்லி அக்கா. நான். பிந்தி வந்து சேர்ந்த பீஜி, வீட்டுச் சொந்தக்காரம்மா. போட்டோ கிடையாது. ஒரு மப்ளர் இருக்கிறது.

நேற்று டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது கைக்கு வந்தது. அந்துருண்டை வாசனை. எனக்கு மட்டும் அதற்கு அடியில் ஸ்பிரிட் வாசனை அடித்தது. இத்தனை வருஷத்துக்கு அது நிற்காது. மூக்குக்கு யார் புத்தி சொல்வது?

எழுபதுகளின் கடைசி. கரோல் பாக்கில் பர்சாத்தி என்பார்கள், மொட்டை மாடியில் ஒற்றை அறை. கல்யாணமாகி இரண்டு வருஷம். என் கணவர் ஒரு ஆபீசில் தஃப்தரி, ஃபைல் கட்டுகிற வேலை. எனக்கு இருமல். முதலில் இருந்த வீட்டில் இருமலைக் கேட்டே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இந்த வீட்டுக்கு வந்த இரண்டாவது மாதம் டாக்டர் சொல்லிவிட்டார், டி.பி. தினம் ஒரு ஊசி, தொடர்ந்து மூன்று மாதம். மாத்திரை அதற்கும் மேல்.

டிஸ்பென்சரி எங்கள் தெரு முனையில். தினமும் அங்கே வரிசையில் நின்றால் பீஜிக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தால் இந்த வீடும் போச்சு. தலையணைக்குள் முகத்தை வைத்து இருமுவேன்.

எங்கள் தமிழ்ச் சபைக்கு அப்போது சொந்தக் கட்டடம் இல்லை. இந்திக்காரர்கள் ஆராதனை முடித்த பிறகு சாயங்காலம் தங்கள் கோயிலை எங்களுக்குத் தருவார்கள். மாதர் சங்கத்துத் தலைவி எஸ்தர் அக்கா. மோதி பாக்கில் வீடு, ஏதோ மந்திரி ஆபீசில் டைப்பிஸ்ட். என் இருமலைக் கேட்டு, நான் சொல்லாமலே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஜெபத்துல பேரச் சொல்லட்டா, சொல்லாம விடட்டா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அந்த வாரம் சுகவீனருக்கான ஜெபத்தில், "பேர் உமக்குத் தெரியும் ஆண்டவரே," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மத்தியானம் அவரும் சங்கத்தில் இன்னும் இரண்டு பேரும் மாடிக்கு வந்தார்கள், ஆளுக்கொரு கம்பளி நூல் பையோடு. டில்லிக் குளிரில் எந்த மாடியைப் பார்த்தாலும் பெண்கள் வெயிலில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவார்கள். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். எஸ்தர் அக்காவின் யோசனை அது. செல்வமணி சிஸ்டர் ஆஸ்பத்திரி நர்ஸ். நூலுக்கு அடியில் அவர் ஊசிப் பெட்டி இருந்தது. அறைக்குள் கூட்டிப்போய்ப் போடுவார். பிறகு வெளியே வந்து எனக்குப் பின்னல் பாடம். எஸ்தர் அக்காவுக்கு ஆபீசில் பர்மிஷன் கிடைக்காத நாளில் லில்லி அக்கா துணைக்கு வருவார். பையில் இரண்டு முட்டை இருக்கும். அவர் சிரிப்பு கீழ் வீடு வரை கேட்கும், அதற்கும் பயப்படுவேன்.

"ஒரு ஊசிக்கு ஒரு வரி பின்னு," என்றார் அக்கா. "கணக்கு தப்பாது."

யாரும் எனக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. பின்னினார்கள், போனார்கள்.

முப்பதாவது வரி அன்று பீஜி படிக்கட்டில் என்னை நிறுத்தினார். இந்தப் பெண்கள் தினமும் எதற்கு வருகிறார்கள் என்று இந்தியில் கேட்டார். என் இந்தி காய்கறிக் கடைக்குத்தான் போதும். பின்னுகிற ஊசியை நினைத்துக்கொண்டு, "சூயி. சூயி சீக்னே," என்றேன். ஊசி கற்றுக்கொள்ள என்று அர்த்தம். பீஜி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "அச்சா," என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நல்லபடி சமாளித்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். செல்வமணி சிஸ்டர் முகம் செத்துப்போயிற்று.

"ஏட்டி, பின்றதுக்கு சலாயி. சூயின்னா நான் குத்துறது."

லில்லி அக்காகூடச் சிரிக்கவில்லை. தமிழில் எல்லாம் ஊசிதானே, நான் என்ன கண்டேன்?

அதன் பிறகு படியில் எந்தச் சத்தம் கேட்டாலும் காலி செய்யச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைப்பேன். பாத்திரங்களை ஒரு சாக்கில் கட்டியே வைத்திருந்தேன். என் கணவர் கேட்டதற்கு இடம் போதவில்லை என்றேன். பதினோரு நாள் அப்படி.

பன்னிரண்டாவது நாள் பீஜி மேலே வந்தார். ஒரு கையில் பால் சொம்பு, மறு கையில் அவருடைய நூல். எங்கள் நடுவில் உட்கார்ந்தார். என் பின்னலை வாங்கிப் பார்த்தார். எல்லாம் கோணல். ச்சு என்று சொல்லி ஊசியை உருவி, அவிழ்க்கப் போனார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்துவிட்டேன். கணக்குப் போய்விடுமே.

பீஜி கையை இழுக்கவில்லை. மெதுவாகக் கேட்டார்.

"கித்னே ஹுவே?"

எத்தனை ஆயிற்று என்று. சிஸ்டர்தான் சொன்னார், நாற்பத்தொன்று. இன்னும் எத்தனை என்று கேட்டார். அதற்கும் சிஸ்டர் பதில் சொன்னார். பீஜி தன் தங்கையைப் பற்றி ஏதோ சொன்னார். அவளுக்கும் இதே வியாதி, அப்போது இந்தச் சூயி வரவில்லை என்று எஸ்தர் அக்கா எனக்கு எடுத்துச் சொன்னார். உருவின ஊசியை பீஜியே ஒவ்வொரு கண்ணியாகத் திரும்பக் கோத்துக் கொடுத்தார். அன்று முதல் பால் அவர் வீட்டுப் பால், பின்னல் பாடமும் அவருடையது.

கடைசி ஊசி அன்று எஸ்தர் அக்காவிடம் நன்றி சொல்லப் போனேன். "மொதல்ல வரிய எண்ணு," என்றார். அதோடு போயிற்று, சொல்லவே இல்லை. மப்ளர் கழுத்தை ஒரு சுற்றுதான் சுற்றும். என் கணவர் அதைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய்க் கேலி வாங்கினார்.

அந்த வீட்டை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டிகள், உட்கார இடமில்லை. பின்னுகிறவர்களையும் காணோம். அந்த நாலு பேரும் போய்விட்டார்கள். சபைக்குச் சொந்தக் கட்டடம் வந்துவிட்டது. சுகவீனர் பட்டியல் வாட்ஸப்பில் வருகிறது. பேர், வியாதி, வார்டு நம்பர் எல்லாம் இருக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பக்கென்கிறது, இந்தப் பெண்ணின் வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரியுமோ என்று.

நேற்று மப்ளரை மடியில் விரித்து எண்ணினேன். கோணல் வரி நாற்பத்தொன்று. நேரான வரி நாற்பத்தொன்பது.

தொண்ணூறு.