பிரேம்நாத் நிற்கும் படம்

ரங்கூன் இன்சீன் சந்தையில் மொஹிங்கா விற்கும் மஞ்சுளா எனக்குப் பக்கத்து வீடு. நூடுல்ஸ் மேல் மீன் குழம்பை ஊற்றிக் கொடுக்கும்போது முன்பெல்லாம் ஆளுக்கொரு கேலி பேசுவாள். இப்போது ஊற்றுகிறாள், கொடுக்கிறாள், அவ்வளவுதான். அவள் புருஷன் பிரேம்நாத் லாரி ஓட்டிக்கொண்டு எல்லைப் பக்கம் போனவன், திரும்பவேயில்லை. அவன் போனும் அடங்கிப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன. செத்திருப்பான், காரியத்தைச் செய்துவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். மஞ்சுளா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பொட்டு வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் வரும். இருக்கிறான் என்றாவது சண்டை போடு, இல்லை என்றாவது ஒப்பாரி வை. மரக்கட்டை மாதிரி இருந்தால் பக்கத்து வீட்டுக்காரி என்னதான் செய்வாள்?

போன மாசியில் ஜெராக்ஸ் கடை விநாயகமூர்த்தி வந்தார். நம் ஆட்களின் பழைய படங்களைச் சேர்த்துக் கோயில் மண்டபத்தில் மாட்டப் போவதாக வீடு வீடாக அலைந்துகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான், பேச ஆரம்பித்தால் உயிரை எடுத்துவிடுவார். ரயில்வே பட்டறை, தீமிதி, கல்யாண ஊர்வலம் என்று பை நிறைய வைத்திருந்தார். மஞ்சுளாவும் உள்ளே போய் ஒரு படம் கொண்டுவந்து கொடுத்தாள். ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் பொங்கலன்று எடுத்தது. அவள் மாமனாரும் கூட்டாளிகளும் வேட்டி கட்டி வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் அரைக்கால் சட்டையில் ஒரு பொடியன். அந்தப் பொடியன்தான் பிரேம்நாத். விநாயகமூர்த்தி பெரியவர்களைப் பற்றி மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்.

மண்டபம் திறந்த அன்று நானும் அவளும் போனோம். ஒரு படம் விடாமல் சந்தனம் வைத்து மல்லிகை மாலை போட்டிருந்தார் மனிதர். பழைய படம் என்றால் இருப்பவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தவர்கள் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். உயிரோடு இருப்பவன் படத்துக்கு மாலை போடக்கூடாது என்று தெரியாத தமிழன் உண்டா? பிரேம்நாத் நிற்கும் படத்துக்கு முன்னால் விநாயகமூர்த்தியை இழுத்துப்போய் நிறுத்தினேன்.

"ஏண்ணே, கண்ணு அவிஞ்சா போச்சு? முன்னால நிக்கிற புள்ள யாருன்னு கேட்டீங்களா?"

விநாயகமூர்த்தி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"யாரும்மா?"

"பிரேம்நாத்து! இவ வீட்டுக்காரரு!"

அவர் முகம் வெளிறிப்போனது. "ஐயையோ, சின்னப் புள்ளையா இருக்கவும் அடையாளம் தெரியலையேம்மா. மன்னிச்சிடு மஞ்சுளா, இப்பவே எடுத்துடுறேன்" என்று பதறி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

மஞ்சுளா அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"இருக்கட்டுண்ணே. யாராச்சும் போட்டுத்தானே ஆகணும். என் கையால முடியல."