கடைசி நாள் விலை

வெல்டருக்கு வேலை போனதும் பிழைக்கப் போன நாட்டில் தங்க அனுமதி தரும் வதிவிட அட்டையும் போனது. அந்த அட்டை இல்லாத வெளிநாட்டுக்காரன் பெயரில் அங்கே கார் இருக்கக் கூடாது. விமானம் ஏறுவதற்குள் யார் தலையிலாவது கட்டியாக வேண்டும்.

அதே பட்டறையில் பெயிண்ட் அடிப்பவனுக்குப் 'பொறுமை' என்று பட்டப்பெயர். அவன் வீட்டுக் கட்டில், பீரோ, ஃபேன் எல்லாமே நாட்டைவிட்டுக் கிளம்பியவர்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கியவை. யார் பெட்டி கட்டுகிறார்கள் என்று மோப்பம் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"வேற யார்கிட்டயும் காட்டாதீங்கண்ணே, நானே எடுத்துக்கறேன்" என்று விலையும் பேசி முடித்தான். வெல்டர் நம்பினார். அவன் மகள் அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள்.

காரில் ஒரு கோளாறு இருந்தது. நீண்ட இறக்கத்தில் பிரேக் பெடல் தரைவரை போய்விடும். விட்டு விட்டு இரண்டு மூன்று தடவை மிதித்தால்தான் பிடிக்கும். பிரேக்கில் மாற்றிப் போட வேண்டிய புது சிலிண்டர் ஒன்றை வாங்கிப் பையில் வைத்திருந்தார். கார் கைமாறும்போது விஷயத்தைச் சொல்லி அதையும் கொடுத்துவிடலாம் என்று எண்ணம். மனுஷன் அதுவரைக்கும் நல்லவர்தான்.

கிளம்பும் நாள் காலை, பெயர் மாற்றும் ஆபீஸ் வாசலில் பொறுமை தலையைச் சொறிந்தான்.

"பாதிதாண்ணே தர முடியும்."

"பேசினது என்னப்பா?"

"அது அன்னிக்கு. இன்னிக்கு உங்களுக்கு வேற யாருண்ணே இருக்கா?"

சிரித்துக்கொண்டே கேட்டான், பாவி. வெல்டர் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சிலிண்டர் பையிலேயே இருந்தது.

பொறுமை பெரிய மனது பண்ணிக் குடும்பத்தோடு வழியனுப்ப வந்தான். "கடைசியா நானே ஓட்டறேன்" என்று வெல்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஊருக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே பெரிய மேடு. போகும்போதும் இறக்கம், திரும்பும்போதும் இறக்கம். அதில் பெடல் கீழே போனது. அவர் கால் பழக்கத்தில் விட்டு விட்டு மிதித்தது. பின்சீட்டில் குழந்தை பாடிக்கொண்டே வந்தாள்.

விமான நிலைய வாசலில் பொறுமை சாவியை வாங்கிக்கொண்டான்.

"வண்டில ஏதாவது பார்த்துக்கணுமாண்ணே?"

வெல்டர் வாயைத் திறந்தார்.

"பெட்ரோலாச்சும் ரொப்பிக் குடுத்திருக்கலாம்ல" என்று அவனே முந்திக்கொண்டான்.

திறந்த வாய் மூடிக்கொண்டது. "பார்த்துப் போ" என்றார், அவ்வளவுதான்.

"பெரியப்பா, டாட்டா!" என்று குழந்தை கண்ணாடிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். அவரும் ஆட்டினார்.

உள்ளே சோதனை அதிகாரி பையிலிருந்து சிலிண்டரை எடுத்து, இது என்ன என்று கேட்டார். கார் சாமான் என்றார் வெல்டர். கார் எங்கே? விற்றுவிட்டேன். அப்புறம் இது எதற்கு என்று அதிகாரி சிரித்தார்.

தட்டில் பெல்ட்டோடு ஃபோனும் கிடந்தது. கூப்பிட்டால் உடனே எடுப்பான். இன்னும் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான்.

வெல்டர் பெல்ட்டை மாட்டினார். ஃபோனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.