தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றினேன்

மலேசியாவில், ஷா ஆலம் நர்சரியில் எனக்கு இருபது வருட சர்வீஸ். அதில் கடைசி ஆறு வருடம் ஏர்கோன் ரூமில், தனியாக. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பேன். என் பொறுப்பில் இருந்தவை அல்புக்கா செடிகள். தென்னாப்பிரிக்காவின் வறண்ட பக்கத்தைச் சேர்ந்தவை. வெங்காயம் போன்ற கிழங்கு, ஸ்பிரிங் போலச் சுருண்ட இலை. குளிர்காலத்தில்தான் வளரும். நம் ஊரில் ஏது குளிர்காலம்? சுவிட்சைத் தட்டி உண்டாக்குவோம். சில மாதத்தில் இலை காய்ந்து கிழங்கு தூங்கப் போய்விடும். ஏர்கோனை அணைத்துவிட வேண்டும். அதன்பின் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தனியாக வசித்த ஒரு ரிட்டயர்ட் டீச்சர், ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு மூன்று மாதம் போனார். விதை போட்டு ஒன்பது வருடம் வளர்த்த தன் ஒரே அல்புக்காவை என்னிடம் விட்டார்.

"இலை காஞ்சிரும் தம்பி, பயப்படாதீங்க. தண்ணி மட்டும் ஊத்திராதீங்க லா."

"எனக்குத் தெரியாதா டீச்சர்? நிம்மதியா போய்ட்டு வாங்க."

தெரியும்தான். ஆனால் அந்த வருடம் மற்ற தொட்டிகள் எல்லாம் விற்றுப்போய், அறையில் மிஞ்சியது நானும் அந்தத் தொட்டியும்தான். நாள் முழுக்கப் பேச ஆள் கிடையாது. காலையில் நர்சரிக்காரன் கை சும்மா இருக்காது. காய்ந்த மண்ணைப் பார்க்க மனசு கேட்கவில்லை. ஒரு கப், மறுநாள் இன்னொரு கப்.

ஒரு நாள் கிழங்கைத் தொட்டுப் பார்த்தேன். கொழகொழவென்று இருந்தது, நாற்றம் வேறு. பக்கத்தில் முளைத்திருந்த கடலை அளவுக் குட்டிக் கிழங்கு ஒன்று மட்டும் கெட்டியாக இருந்தது.

"அதே மாதிரி ஒன்னு வாங்கி வச்சிரு செல்வம். அவங்களுக்கு எங்க தெரியப்போவுது?" என்றார் பாஸ்.

என்னால் முடியவில்லை. டீச்சர் திரும்பி வந்ததும் உள்ளதைச் சொல்லி, அந்தக் குட்டியை நீட்டினேன்.

"இது பூக்க நாலு வருஷம் ஆவும். எனக்கு எழுபத்தெட்டு முடிஞ்சிருச்சு தம்பி," என்றார். குட்டியை வாங்கிக்கொண்டு, "தெரிஞ்சும் ஏன் ஊத்துனீங்க?"

"தனியா இருந்தேன் டீச்சர். வேற ஒன்னுமில்ல."

அவர் திட்டவில்லை. "அங்க மகன் வீட்ல எல்லாரும் வேலைக்குப் போனப்புறம் நானும் தனியாத்தான் உக்காந்திருந்தேன். ஒரு போன் அடிச்சிருக்கலாமே."

இப்போது வேலைக்குச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தூங்கும் கிழங்கைப் பார்த்துக் கை பரபரத்தால் தண்ணீர்க் கப்பைத் தொடாதீர்கள். போனை எடுத்து யாரிடமாவது பேசுங்கள். அன்று நான் பெர்த்துக்கு ஒரு போன் போட்டிருந்தால், அந்தச் செடி பிழைத்திருக்கும்.